உச்சமுனை மணலும் காணிப் பதிவும்

புத்தளம் மாவட்டத்தின் மேற்குக் கரையிலே கற்பிட்டிக் குடாநாடு வடக்கு நோக்கி நீண்டு, மெலிந்து, இறுதியில் மணல் திட்டுகளாகவும் சிறு தீவுகளாகவும் சிதறிப் போகின்றது. அவற்றுள் ஒன்று உச்சமுனை. ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் ஒல்லாந்தர் குடா, போர்த்துக்கேயர் குடா என அந்நியர் பெயரைச் சுமந்து கிடக்கும் உள்நீர்ப்பரப்பு. கற்பிட்டித் துறையிலிருந்து படகேறியே அங்குச் செல்லல் வேண்டும். இறங்கியவுடன் கண்ணிற் படுவன மீன் உலர்த்தும் பரண்களும், ஓலை வேய்ந்த வாடிகளும், கரையேற்றி வைத்த படகுகளுமே. பெயருக்கேற்ப அது ஒரு முனைதான். அதற்கப்பால் பத்தலங்குண்டு முதலிய தீவுகளும் கடலும் அன்றி வேறில்லை.

படகு அவ்வூர்க் கரையைத் தொடுமுன்னரே, கொழும்பு மாநகரில் மேசை முன் அமர்ந்திருக்கும் காணித் தரகர் ஒருவர் உச்சமுனையைப் பத்துத் தடவை பார்த்து முடித்துவிடலாம். கைபேசித் திரையிலே நிலப்படத்தை விரித்து, விரலால் தள்ளி, வானிலிருந்து பிடித்த படத்தின்மீது கோடிழுத்து நீள அகலத்தை அளந்து, அப்படத்தை அப்பொழுதே கடல் கடந்த முதலாளி ஒருவருக்கு அனுப்பிவிடலாம். வெண்மணல், நீலக்கடல், ஆங்காங்கே சில புள்ளிகள். அப்புள்ளிகள் வாடிகள் என்பதும், அவ்வாடிகளில் தலைமுறை தலைமுறையாக மாந்தர் வாழ்ந்து வருகின்றனர் என்பதும் அப்படத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. காணியைப் பற்றிய செய்தியை எளிதாக்கும் கருவி ஒவ்வொன்றும் எதனைக் காட்டிற்று, எதனைக் காட்டாது விட்டது என்பதே இலங்கைக் காணி வரலாற்றின் ஒரு பெரும் பகுதியாகும். இணையம் அவ்வரலாற்றின் மிக அண்மைய அத்தியாயம் மாத்திரமே.

வர்த்தகத்துக்காகக் காணியை வாங்குதலும் விற்றலும் குத்தகைக்கு விடுதலும் புறத்தே பகட்டாகத் தோன்றும் தொழில். உள்ளே நுழைந்து பார்த்தாலோ அது ஓர் எழுதுவினைஞனின் தொழிலாகவே இருக்கும். காணி எங்கே உள்ளது, பரப்பு எவ்வளவு, யாருக்குரியது, இப்பொழுது அதில் இருப்பவர் யார், அதன்மேல் ஈடு உண்டா, குத்தகை எந்நாளில் முடிவுறும், அங்கே கட்டடம் எழுப்ப அரசினர் இசைவரா? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதிலேயே தரகரின் நாள் கழிகின்றது. விடைகள் பல இடங்களிற் சிதறிக் கிடப்பதனாலேயே அவருக்குப் பிழைப்பு உண்டு. அவை ஓரிடத்திற் சேருந்தோறும் அத்தொழிலின் உருவம் மாறுகின்றது.

இத்தகைய செய்திகளை ஓரிடத்திற் சேர்த்த முன்னோடிகளுள் ஒருவர் கற்பிட்டி மண்ணிலேயே பிறந்தார் என்பது வியப்புக்குரியது. 1807ஆம் ஆண்டு அங்குத் தோன்றிய சைமன் காசிச் செட்டி 1834இல் ‘சிலோன் கெசட்டியர்’ என்னும் நூலை வெளியிட்டார். இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் துறைகளையும் அகர வரிசைப்படி நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுதிய நூல் அது. ஓர் ஊரைப் பற்றி அறிய விரும்பியவர் அவ்வூருக்குச் செல்லாமலே ஏட்டைப் புரட்டி அறியலாம் என்ற வசதி அந்நாளில் புதுமை. பின்னர்த் ‘தமிழ்ப் புளூராக்’ எழுதிப் புலவர் வரலாற்றுக்குத் தொண்டு செய்தவர் என்றே அவரைத் தமிழர் நினைவு கூர்வர். ஊர்ப் பட்டியல் எழுதிய காசிச் செட்டியையும் சற்று நினைத்தல் தகும்.

அவருக்கும் நெடுங்காலம் முன்னரே பறங்கியரும் ஒல்லாந்தரும் காணிக் கணக்கைத் தொடங்கிவிட்டனர். போர்த்துக்கேயர் 1614இல் எழுதத் தொடங்கிய தோம்பு, கிராமங்களையும் அவற்றின் வருவாயையும் பதிந்தது. ஒல்லாந்தர் கற்பிட்டியை 1659இற் கைப்பற்றி, 1667 முதல் 1676 வரை அங்கே கோட்டை கட்டினர். புத்தளத்துறை வழியே கண்டி அரசனுக்குச் செல்லும் வாணிகத்தை மறிப்பதே அக்கோட்டையின் நோக்கம். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்கள் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் எழுதிய தோம்பு இரு வகை. ஒன்று குடும்பத்தலைவரையும் மக்களையும் எழுதியது. மற்றொன்று வயலையும் தோட்டத்தையும், தென்னை, கமுகு, பலா ஆகிய மரங்களையும் எண்ணி எழுதியது. நிரலும் நிரையுமாகக் கட்டம் போட்ட அந்தப் பக்கங்களை இன்றைய தரகர் கண்டால், தம் கணினியில் உள்ள அட்டவணையின் பாட்டனார் இவரே என்று கைகூப்புவார்.

எனினும் ஒல்லாந்தர் காலத்தில் தோம்பைவிடக் கருதத்தக்க வழக்கம் ஒன்று யாழ்ப்பாணத்தில் இருந்தது. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்த தேசவழமையில் அது இடம்பெறுகின்றது. ஒருவர் தமது காணியை விற்க எண்ணினால், உரித்தாளரும் பங்காளரும் அயலவரும் முதலில் அறிதல் வேண்டும். வாங்குவதற்கு முந்துரிமை அவர்களுக்கே. ஒல்லாந்தர் காலத்தில் அவ்வறிவித்தல் தேவாலயத்திலே தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிற் பகிரங்கமாகச் செய்யப்பட்டது. எழுத்தறியாதவரும் காதாற் கேட்டனர். முதல் ஞாயிறு வாராதவருக்கு இரண்டாம் ஞாயிறு உண்டு. அதுவும் தவறினால் மூன்றாவது. உரிமை கோரக்கூடியவர் எங்கே கூடுவரோ அங்கே சென்று செய்தி தன்னை அறிவித்துக்கொண்டது. இதனை விளம்பரம் எனலாம். ஆயினும் அவ்விளம்பரம் வாங்க வருவோரை அழைப்பதற்காக மட்டும் அன்று, தடை சொல்ல உரிமையுடையோரை அழைப்பதற்காகவும் செய்யப்பட்டது. பிற்காலத்துக் காணி விளம்பரங்கள் யாவும் முதற் கூட்டத்தாரையே நாடிச் சென்றன.

ஆங்கிலேயர் 1795இல் கற்பிட்டியைக் கைக்கொண்டனர். 1800ஆம் ஆண்டில் நில அளவைத் திணைக்களம் தொடங்கப்பட்டது. அளக்கும் கயிறு முதலில் வந்தது. சட்டம் பின்னர் வந்தது. 1840ஆம் ஆண்டிலே இரண்டு கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

7ஆம் இலக்கச் சட்டம் மோசடியைத் தடுப்பதற்கு என்று இயற்றப்பட்டது. காணியை விற்பதும் ஈடு வைப்பதும் எழுத்தில் அமைதல் வேண்டும். நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும், ஒரே வேளையில் உடனிருக்கும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடுதல் வேண்டும். அன்றேல் அது செல்லாது. நன்மையான சட்டமே. வாய்ச்சொல்லை நம்பி ஏமாந்தவர் பலரை அது காத்தது. அதே ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமோ, காடும் தரிசும் குடியிருப்பற்றதும் பயிரிடப்படாததுமான நிலம் யாவும், மறுதலை நிரூபிக்கப்படும் வரையில், முடிக்குரியது எனக் கொள்ளப்படும் என்றது. நிரூபிக்கும் சுமை குடியானவன் தலையில் ஏறிற்று. ஒரு சட்டம் உறுதி இல்லாதவனின் பேச்சு செல்லாது என்றது. மற்றொன்று உறுதி இல்லாத நிலம் அரசினருடையது என்றது. இரண்டிற்கும் இடையே அகப்பட்டவன், பாட்டன் காலத்திலிருந்து சேனை வெட்டியும் வலை உலர்த்தியும் வந்த எழுத்தறியா மனிதன்.

அது கோப்பிக் காலம். மலைநாட்டிலே முடிக்குரிய நிலம் ஏக்கர் ஐந்து சிலிங்கு விலைக்கு விற்கப்பட்டு, 1844இல் அவ்விலை ஒரு பவுணாக உயர்த்தப்பட்டது. உத்தியோகத்தரும் வாங்கினர், தோட்டக்காரரும் வாங்கினர். கற்பிட்டி மணலுக்கு அக்காலத்தில் வாங்குவார் இலர்; கோப்பி அங்கே விளையாது. ஆயினும் மலையை நோக்கி எழுதப்பட்ட சட்டம் கரைக்கும் பொருந்திற்று. பயிர் விளையாத மணல், ‘பயிரிடப்படாத நிலம்’ என்னும் சொல்லுக்குள் எவ்வளவு எளிதில் அடங்கிவிடும் என்பதை அன்று கரையிலிருந்தோர் எண்ணிப் பார்த்திரார்.

1863இல் காணிப் பதிவுக்கெனச் சட்டம் ஏற்பட்டது. 1891இலும் 1927இலும் அது திருத்தி அமைக்கப்பட்டது. ஒரு காணியைப் பற்றிய உறுதிகள் யாவும் பதிவேட்டில் ஒரே பக்கத்திலோ, அப்பக்கத்தோடு தொடர்பு காட்டிய வேறு பக்கத்திலோ ஏறவேண்டும் என்பது முறை. இதனால் நொத்தாரிசுமார் காணிப் பதிவகத்திற்குச் சென்று பக்கம் புரட்டித் தேடும் வழக்கம் உண்டாயிற்று. தூசி படிந்த பெரும் புத்தகங்கள், கிழிந்த ஓரங்கள், மங்கிய மை! ஒரு தேடுதலுக்கு ஒரு பகல் போதாமற் போவதும் உண்டு. ஆனால் பதிவு என்பதற்குப் பொதுமக்கள் கொண்ட பொருளும் சட்டம் கொண்ட பொருளும் வேறு. பதிந்தால் காணி தமதாகிவிடும் என்று மக்கள் கருதினர். சட்டமோ, வஞ்சனை இல்லாதவிடத்து, ஒரே காணியின்மேல் மாறுபட்ட இரு உறுதிகளுள் முதலிற் பதிவான உறுதிக்கு முன்னிடம் கொடுத்தது, அவ்வளவே. எழுதிக் கொடுத்தவருக்கு உண்மையில் உரித்து இருந்ததா என்று அப்புத்தகம் உசாவுவதில்லை. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரித்துச் சட்டம், பத்தாண்டுகள் இடையூறின்றி எதிருரிமையோடு நிலத்தை ஆண்டவருக்கு அதனை உரிமையாக்கிற்று. ஆனால் அப்பத்தாண்டுக் கணக்கு முடிக்கு எதிராகச் செல்லாது. தனியார் தோட்டத்தில் பத்தாண்டு இருந்தவன் சொந்தக்காரனாகலாம்; கடற்கரை மணலில் அதனினும் நெடிது இருந்தவன் அத்துமீறிக் குடியிருப்பவனாகலாம்.

பதிவேடே உரித்தை உறுதி செய்தல் வேண்டும் என்னும் எண்ணத்தை உலகுக்கு ஊட்டியவர் ரொபேட் ரொறன்ஸ். தெற்கு அவுஸ்திரேலியாவிலே சுங்க அதிகாரியாக இருந்த அவருக்குக் கப்பற் பதிவு நன்கு பழக்கம். கப்பலை விற்பவர் முன்னைய உறுதிகளைக் கட்டுக்கட்டாகச் சுமந்து திரிவதில்லை. பதிவேட்டில் பெயர் மாறினால் கப்பல் மாறிற்று. நிலத்திற்கு மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை என்று அவர் எண்ணியதன் பயனாக, 1858இல் அங்கே புதிய முறை நடைமுறைக்கு வந்தது. கடலிலிருந்து கரைக்கு வந்த கருத்து அது. உச்சமுனையைப் பொறுத்தமட்டில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. அங்குள்ள மீனவரின் இயந்திரப் படகுகளுக்கு மீன்பிடித் திணைக்களத்தின் பதிவு இலக்கம் உண்டு. படகின் பக்கத்திலே அது தெளிவாக எழுதப்பட்டிருக்கும். மிதக்கும் பொருளுக்கு இலக்கம் கிடைத்துவிட்டது. அப்படகை இழுத்து வைக்கும் மணலுக்கு அது கிட்டவில்லை.

இலங்கையிலே உரித்துப் பதிவுச் சட்டம் 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கமாக நிறைவேறி, 2007 முதல் ‘பிம் சவிய’ என்னும் பெயரால் நாடளாவிய வேலைத்திட்டமாயிற்று. காணித்துண்டு ஒவ்வொன்றையும் அரசாங்க அளவையாளர் அளந்து, இலக்கமிட்டு, வரைபடத்திற் காட்டுவர். பின்னர் உரிமை கோருவோரை அழைத்து விசாரித்து உரித்தைத் தீர்மானிப்பர். ஐயமற்ற உரிமைக்கு முதலாம் வகுப்பு. உரிமை முற்றும் தெளியாதவிடத்து இரண்டாம் வகுப்பு. எண்ணம் உயர்ந்தது, நடையோ மெதுவானது. பழைய உறுதி முறையும் புதிய உரித்து முறையும் அருகருகே நடப்பதனால், தரகருக்கும் நொத்தாரிசுக்கும் இரு வழியிலும் தேட வேண்டிய கட்டாயம் வந்தது.

இதற்கிடையில் இணையம் வந்து சேர்ந்தது. 1995இல் இலங்கையில் அது வர்த்தகச் சேவையாகத் தொடங்கிற்று. 2005இல் கூகுள் நிறுவனம் உலக நிலப்படத்தையும் வானிலிருந்து எடுத்த படங்களையும் யாவரும் பார்க்கத் திறந்து விட்டது. 2006இல் பலர் வெவ்வேறு ஊர்களிலிருந்தபடி ஒரே தாளில் எழுதக்கூடிய அட்டவணையை வெளியிட்டது. 2012இல் ‘இக்மன்’ என்னும் விளம்பரத்தளம் இலங்கையிலே தோன்றி, வீட்டையும் காணியையும் மாட்டையும் மோட்டார் வண்டியையும் ஒரே சந்தையில் நிறுத்திற்று. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் சிறு விளம்பரங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்ட காலம் மெல்ல மறைந்தது.

இக்கருவிகளில் மாயம் ஒன்றும் இல்லை. எளியவை, பெரும்பாலும் காசின்றிக் கிடைப்பவை. அட்டவணையில் ஒரு நிரையிலே காணியின் பெயர், அடுத்ததிலே பரப்பு, அடுத்து உரிமையாளர், உறுதி இலக்கம், நில அளவைப் படத்தின் இலக்கமும் தேதியும், குத்தகை முடியும் நாள். அந்நாள் நெருங்குமுன் நினைவூட்ட நாட்காட்டி. கடிதத்திற்கு மாறாக மின்னஞ்சல். காணியைக் காட்ட வாடகை வண்டியில் ஆளை அழைத்துச் செல்வதற்கு மாறாகக் கைபேசியில் எடுத்த படம். பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகம் ஒன்றில், எந்தக் கடையறை காலியாக உள்ளது என்று அறியப் பத்துக் குறிப்புப் புத்தகங்களைத் தேடிய காலம் போய், ஒரே தாளை யாவரும் பார்க்கின்றனர். சிறிய தரகரும் பெரிய நிறுவனமும் இவ்வகையிற் சமமாயினர். இந்த நன்மையைக் குறைத்து மதிப்பது நேர்மை ஆகாது. அரச பதிவுகள் இணையத்தில் ஏறிய இடங்களில் பயன் இன்னும் பெரிது. தமிழ்நாட்டிலே பட்டாவையும் சிட்டாவையும் இணையத்திலே பார்க்கலாம். வில்லங்கச் சான்றையும் சார்பதிவாளர் அலுவலக வாயிலிற் காத்துக் கிடவாமல் வீட்டிலிருந்தே தேடலாம். ஒரே மனையை இருவருக்கு விற்கும் எத்தனுக்கு இது நல்ல கடிவாளம்.

எளிய குறிப்பேடு ஒன்று ஒரு மாநகரத்தின் சொத்துரிமையையே காத்ததும் உண்டு. 1871ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அமெரிக்காவின் சிக்காகோ நகரம் தீக்கிரையானபோது நீதிமன்றக் கட்டடமும் அதிலிருந்த காணிப் பதிவுகளும் எரிந்து சாம்பராயின. பதிவேட்டைப் பார்த்துச் சுருக்கக் குறிப்பு எழுதி விற்று வந்த மூன்று தனியார் நிலையங்களின் புத்தகங்களே எஞ்சின. யார் நிலம் எது என்பதற்கு அவையே ஆதாரமாயின. அடுத்த ஆண்டு சட்டம் இயற்றி அவற்றை நீதிமன்றில் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. தரகர் தொழிலுக்கென எழுதிய நகல் மூலத்தின் இடத்தைப் பிடித்தது.

எனினும் இலங்கைச் சட்டம் திரையின் வேகத்தோடு ஓடவில்லை. 2006ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல் வாங்கற் சட்டம் பலவகை ஒப்பந்தங்களை இணைய வழியிற் செய்ய இடமளித்தபோதும், அசையா ஆதன விற்பனையை விலக்கியே வைத்தது. 1840இன் நொத்தாரிசும் இரு சாட்சிகளும் தம் நாற்காலியை விட்டு எழவில்லை. 2014இன் 38ஆம் இலக்கச் சட்டம் அந்நியர் காணியை வாங்குவதைப் பொதுவாகத் தடுத்து, 99 ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு வழி விட்டது. 1981இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் தரைப்பக்கம் வரை கரையோர வலயம் என வரையறுத்து, அங்கே கட்டடம் முதலியன எழுப்ப அனுமதி பெற வேண்டும் என்றது. உச்சமுனை போன்ற ஒடுங்கிய மணல் நாக்கிலே கடலுக்கும் குடாவுக்கும் நடுவே அந்த 300 மீற்றரைக் கழித்தால் மிஞ்சுவது என்ன என்பதைத் தரகர் தமது திரையிலேயே அளந்து பார்க்கலாம். அளந்தவர் அனைவரும் அதனை முதலாளிக்குச் சொன்னார்களா என்பது வேறு விடயம்.

2000ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட பத்தாண்டுகளிலே கற்பிட்டித் தீவுகள்மீது உல்லாசப் பயணத்துறையின் பார்வை விழுந்தது. 2005இன் உல்லாசப் பயணச் சட்டத்தின் கீழ் அமைந்த அதிகார சபையின் திட்டத்திலே, ஏறக்குறைய 4,000 ஏக்கர் நிலமும் 14 தீவுகளும் ஒன்றிணைந்த விடுதி வலயமாகக் காட்டப்பட்டன. உச்சமுனையும் அவற்றுள் ஒன்று. அருகிலே, 1992இல் சரணாலயமாக்கப்பட்ட பவளப்பாறைத் தொடர். ஓங்கில்கள் துள்ளும் கடல். 2009இற் போர் ஓய்ந்தபின் திறந்த பாதை. விளம்பரத்திற்கு இவற்றினும் வேறு என்ன வேண்டும்? ஒவ்வொரு தீவுக்கும் பெயர், பரப்பு, அறை எண்ணிக்கை என அட்டவணை வகுக்கப்பட்டது. சில தீவுகள் குத்தகைக்கும் விடப்பட்டன. மீனவர் அமைப்புகள் எதிர்த்துக் குரல் எழுப்பின. தலைமுறையாக இருந்த இடத்திற்கு உறுதி எங்கே என்று கேட்டால் எதனைக் காட்டுவது, வலை இழுக்கும் கரைக்கு வேலி வந்தால் எங்கே போவது என்பனவே அவர்களது வினாக்கள். திட்டத்தில் எண்ணப்பட்ட விடுதிகள் பல எழவில்லை. ஆயினும் ஒரு முறை அட்டவணையில் ஏறிய தீவு மறுபடியும் வெறும் தீவாகிவிடுவதில்லை. வாங்குவார் கண்ணுக்கு அது ‘இடம்’ ஆகிவிடுகின்றது.

அட்டவணையில் ஏறாதது எது? கரைவலைப் பாடு என்பதைச் சான்றாகக் கொள்ளலாம். குறித்த கரைத்துண்டிலே, குறித்த முறை வரிசையில், குறித்தவர் வலை இழுப்பர். இன்று இவருக்கு என்றால் நாளை மற்றவருக்கு. அது நிலத்தின் உரிமை அன்று. நிலமும் நேரமும் நீரும் சேர்ந்த உரிமை. நான்கு எல்லை சொல்லி உறுதி எழுதும் நொத்தாரிசின் மொழியிலே அதற்கு இடமில்லை. வடக்கே இன்னார் தோட்டம், கிழக்கே ஒழுங்கை என்று எழுதலாம். மேற்கே கடல் என்று எழுதினால், அக்கடல் அடுத்த பருவக்காற்றில் எங்கே நிற்கும் என்று யார் அறிவார்? மணல் ஒருபுறம் கரைந்து மறுபுறம் சேரும். வாடியோ பருவத்தோடு பெயரும். ஆளில்லாப் பருவத்திலே வானிலிருந்து எடுத்த படத்தில் அந்தக் கரை வெறுமையாகவே தோன்றும். 1840ஆம் ஆண்டின் சட்டம் தேடிய ‘குடியிருப்பற்ற நிலம்’ போலவே அது காட்சி தரும்.

பதிவு எளிதானதால் எளியவர் இழந்த கதை அயலிலும் உண்டு. கர்நாடக மாநிலத்திலே 2000ஆம் ஆண்டையொட்டி ‘பூமி’ என்னும் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 2 கோடி நிலப் பதிவுகள் கணினியில் ஏற்றப்பட்டன. 67 இலட்சம் உடைமையாளர். அன்று 15 ரூபா கட்டினால் நகல் கைக்கு வந்தது. கிராமக் கணக்கரின் கையெழுத்துக்கும் கையூட்டுக்கும் காத்திருந்த உழவருக்கு அது விடுதலையே என உலகம் பாராட்டிற்று. சொலமன் பெஞ்சமினும் துணை ஆய்வாளரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டிற்று. பெங்களூரைச் சூழ்ந்த ஊர்களிலே எந்த நிலம் எங்கே, யாரிடம் உள்ளது என்பதைப் பெருமுதலாளரும் தரகரும் ஓரிடத்திலேயே அறிந்துகொள்ள முடிந்தது. நிலத்தைத் திரட்டுவது அவர்களுக்கு இலகுவாயிற்று. ஊர்க் கணக்கரோடு பேசி இணங்கி நடந்து வந்த சிறு வழக்கங்களும், எழுத்தில் ஏறாத பல்வகை அனுபவ உரிமைகளும் கணினியின் கட்டத்துள் அடங்கவில்லை. நகல் எல்லோருக்கும் ஒரே விலைதான். அதனைக் கொண்டு செய்யத்தக்கது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை.

கற்பிட்டிக் கரைக்கு உறுதியின் அருமை வேறொரு வழியாலும் தெரியும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பலர் மன்னாரிலிருந்து படகேறிக் கற்பிட்டியிலே வந்திறங்கினர். பெட்டியில் உறுதியைக் கொணர்ந்தவரும் இருந்தனர். அதனை விட்டு வந்தவரும் இருந்தனர். காகிதம் கையிலிருக்க, நிலம் பிறர் ஆட்சியில் இருந்தது. பத்தாண்டு கழிந்தால் ஆட்சியுரித்து எழும் என்னும் 1871ஆம் ஆண்டின் விதி அவர்களை அச்சுறுத்திற்று. 2016இன் 5ஆம் இலக்கச் சட்டமே, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான போர்க்காலத்தை, ஆயுதக் குழுவினால் தம் உரிமையைத் தொடர முடியாதிருந்தோர்க்கு எதிராகக் கணக்கிடாது விட வழி செய்தது. எழுத்தில்லாமல் மண்ணில் இருந்தவர் ஒரு பக்கம். எழுத்தோடு மண்ணை இழந்து வந்தவர் மறுபக்கம். இவ்விருவரும் ஒரே குடாநாட்டில் அயலவராயினர்.

தரகரின் கைபேசியில் உள்ள அதே கருவி மீனவரின் கைபேசியிலும் உண்டு. வாடியின் படம், எடுத்த நாள், இடத்தின் அகலாங்கு நெட்டாங்கு, பாடு யார் யாருக்கு எந்த வரிசையில் என்னும் பட்டியல், பழைய பற்றுச்சீட்டின் நகல் ஆகியவற்றை ஒரு தாளிற் சேர்த்து வைக்கப் பெருஞ்செலவு இல்லை. இவை உறுதியாகிவிடமாட்டா, ஆயின் உரிமை விசாரிக்கும் அதிகாரி முன் ‘இங்கே எவரும் இருந்ததில்லை’ என்று சொல்வதை அவை கடினமாக்கும். 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், எந்தத் தீவு எவருக்கு எவ்வளவு காலத்திற்குக் குத்தகையாயிற்று என்று அரச அலுவலகத்தைக் கேட்கும் உரிமையும் குடிமக்கள் கைக்கு வந்தது. கேள்வியை எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

உரித்துப் பதிவுச் சட்டத்தின்படி உரிமை கோருவோரை அழைக்கும் அறிவித்தல் வர்த்தமானியிலே வெளியாகும். அவ்வர்த்தமானி இப்பொழுது இணையத்திலும் உண்டு. உச்சமுனையிற் சமிக்ஞை கிடைக்கும் இடத்தில் நின்றால் கைபேசியிலும் திறக்கலாம். நீண்ட இலக்கங்களும் துண்டுப் பெயர்களும் அடங்கிய அப்பக்கங்களைக் கடலுக்குப் போய்த் திரும்பிய ஒருவர் உப்புக் கையால் தள்ளித் தள்ளித் தம் ஊர்ப் பெயரைத் தேடவேண்டும். கற்பிட்டி நகரில் ஒல்லாந்தர் கட்டிய பரிசுத்த பேதுரு ஆலயம் இன்னும் நிற்கின்றது. தொடர்ந்து மூன்று ஞாயிறு உரத்து வாசிக்கும் வழக்கம் மட்டும் ஒல்லாந்தரோடு போய்விட்டது.